கொட்டிக் கழுவிய குப்பி

நெற்றியில் நீறு பூசி, முழங்கை வரை கை கழுவிய பிறகே பஞ்சநதம் அறுவை அறைக்குள் அடிவைப்பார். பன்னிரண்டு ஆண்டுகளாக மயக்க மருத்துவரின் உதவியாளர். ஓர் அறுவை முடிந்ததும், உடைத்த குப்பியில் துளி மருந்தும் எஞ்ச விடமாட்டார். கொட்டிக் கழுவித் தட்டைப் பளிச்சென்று வைத்துவிடுவார். அந்தச் சுத்தத்துக்காகவே மயக்க மருத்துவர் அமிர்தலிங்கம் அவரை மெச்சுவார்.

கழகம் ஆட்சிக்கு வந்த நான்காம் ஆண்டு, தை அறுவடை. உள்ளூர்க் கூலியாட்களை விட்டு வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கியதால் வயலில் கைகலப்பு மூண்டது. முதலில் காரில் வந்து சேர்ந்தவர் பண்ணையார் துரைராசு. கெண்டைக்காலில் வெட்டு.

"நாளைக்கு உடம்பெல்லாம் அடிச்சுப்போட்டாப்ல வலிக்குமாமே, டாக்டர்? என் மச்சான் படாதபாடு பட்டான்."

தசையைத் தளர்த்தும் ஊசியால் வருகிற வலி அது. அடக்குமுன் அந்த மருந்து தசைகளை ஒருமுறை துடிக்கவைக்கும். வேறொரு மருந்தைச் சிறிதளவு முன்கூட்டிப் போட்டால் துடிப்பு தணியும். அலமாரியில் அதில் ஒரே குப்பி இருந்தது. அமிர்தலிங்கம் கால்பங்கைப் போட்டார். மீதியைப் பஞ்சநதம் வழக்கம்போல் கொட்டினார்.

சற்று நேரத்தில் மாட்டுவண்டியில் கூலியாள் காத்தான் வந்தான். அரிவாள் நுனி வலக்கண்ணைக் கிழித்திருந்தது. இடக்கண் சிறுவயதிலேயே அம்மையில் போனது.

"ஒத்தக் கண்ணுதாங்க இருக்கு, சாமி. காப்பாத்திக் குடுங்க," என்று அவன் மனைவி எல்லையம்மாள் பஞ்சநதத்தின் காலைப் பிடித்தாள்.

"எந்திரிம்மா. ஏதாச்சும் சாப்பிட்டானா?"

"இப்பத்தாங்க கஞ்சி குடிச்சுச்சு."

நிறைந்த வயிறு. வாந்தி மூச்சில் ஏறுமுன் தொண்டையில் குழாய் இறக்க வேண்டும். அத்தனை விரைவாகத் தளர்த்துவது அந்தத் துடிக்கவைக்கும் ஊசி ஒன்றே. துடிப்பு வந்தாலோ, கிழிந்த கண்ணைத் தசைகள் பிழிந்துவிடும். கலவரத்தில் சாலை அடைபட்டிருந்தது. தஞ்சாவூருக்கு அனுப்பவும் வழியில்லை.

"துடிப்ப அடக்குறத முதல்ல போட்டுருவோம். மிச்சத்த எடு, பஞ்சநதம்."

"கொட்டிட்டேன் சார்."

"எல்லாத்தையுமா?"

"கழுவியும் வச்சிட்டேன்."

முன்மருந்து இல்லாமலே ஊசி ஏறியது. காத்தானின் நெற்றியில் தொடங்கிய துடிப்பு, சேற்றுக்குள் விரால் புரள்வதுபோல் தோள், மார்பு, தொடை என்று ஓடியது. பஞ்சநதம் இரு கைகளாலும் அவன் தலையைத் தாங்கியிருந்தார். பிடித்து நிறுத்தக்கூடிய துடிப்பா அது? கிழிசல் வழியே கண்ணுக்குள்ளிருந்த தெளிந்த கூழ் பிதுங்கிக் கன்னத்தில் வழிந்தது.

மறுநாள் பஞ்சநதத்தைப் பார்த்துத் துரைராசு சிரித்தார். "ஒரு வலி இல்லப்பா. கைராசிக்காரன்யா நீ!"

அடுத்த வார்டில் கட்டோடு கிடந்த காத்தான் காலடிச் சத்தத்துக்குத் தலை திருப்பினான். "ஐயாங்களா? உளுந்து பறிக்கிறதுக்குள்ள கண்ணு தெளிஞ்சிடுங்களா?"

பஞ்சநதம் நழுவிய போர்வையை அவன் தோள்வரை இழுத்துவிட்டார்.

அடியவனுக்குக் கண் கொடுத்த ஆரூர்ப் பெருமானை நாள்தோறும் தொழுதவர் அவர். அன்று மாலை கோபுர வாசல் வரை போய்க் கைகளை விரித்துப் பார்த்தார். கழுவிய கைகள். உள்ளே போகாமல் திரும்பினார்.