தேவசகாயம் வெட்டிய தோல் வட்டுகள்

என் அண்ணன் தேவசகாயம் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் பதினோரு வருஷம் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தார். மயிர் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அதைப் புரட்ட ஆள் குழிக்குள் இறங்க வேண்டும். முதல் வருஷம் கால் அரிக்கும். மூன்றாம் வருஷம் விரலிடுக்கு வெடிக்கும். அண்ணனுக்கு இடது காலில் வந்த புண் ஆறவே இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸம்மா, "தண்ணியில காலை வைக்காதே" என்றார். அண்ணன் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் குழிக்குப் போனார்.

குழியிலிருந்து மேலே ஏற அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஷாப்புக்குத் தண்ணீர் இறைக்க ஓர் எண்ணெய் இஞ்சின் இருந்தது. அதை ஓட்டியவர் ஜோலார்பேட்டையில் ரயில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு இஞ்சின் நின்றால் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். குழியிலிருந்து ஏறி, கையைத் துடைத்துக்கொண்டு போய், அதை ஓட வைத்துவிட்டுத் திரும்பவும் குழிக்கே வருவார். இஞ்சின் ரூமில் தரை காய்ந்திருக்கும். அண்ணன் அந்த வேலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தத் தரையைத்தான் சொல்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் முதலாளியின் மகன் அப்துல் ஹமீத் மதராஸிலிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தார். அவரை நாங்கள் சின்ன சாயபு என்போம். வண்டி பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முன்சக்கரம் எகிறி எகிறிக் குதித்தது. ஒரு தரம் குதிக்க ஆரம்பித்தால் நாலைந்து தரம் குதித்துத்தான் அடங்கும். அதற்குள் வண்டி எந்தப் பக்கம் போகிறதென்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.

"இன்னா சின்ன சாயபு, இது வண்டியா வெட்டுக்கிளியா?" என்று கஃபார் மேஸ்திரி கேட்டார். அவருக்கு வயதாகிவிட்டதால் யாரையும் கேலி செய்யலாம்.

சின்ன சாயபு அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் முன்சக்கரத்துக்கு எதிரே குந்தி, கைப்பிடியை அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்தார்.

"ஸ்பிரிங் வில்லு நல்லாத்தான் இருக்குது சாயபு. அமுங்குறதுக்கு ஆள் இருக்குது. எகிறும்போது அடக்குறதுக்குத்தான் ஆள் இல்ல."

"நீ அடக்குவியா?"

வேலூரில் கட்டுப் போடப் போன நாளில், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு துரையின் புது மோட்டார் சைக்கிள் நின்றதாம். அதன் முன்பக்கம் வில்லுக்குப் பக்கத்தில் இரண்டு இரும்புத் தகடுகளும், நடுவில் பணியாரம் போல ஒரு வட்டும், இறுக்க ஒரு நட்டும் இருந்தன. சக்கரம் எகிறும்போது தகடு வட்டோடு உரசும், உரசலில் குதிப்பு அடங்கும். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில் சீட்டுக் கொடுத்த முறை தவறிப்போய், கட்டுப் போடாமலே வீட்டுக்கு வந்தார்.

"அந்தச் சாமான் சீமையிலேர்ந்து வரணும். மூணு மாசம் ஆவும்" என்றார் சின்ன சாயபு.

"வட்டுதானே? தோல் ஷாப்புல உக்காந்துகினு தோலுக்கு எதுக்கு சாயபு சீமைக்கு எழுதணும்?"

சின்ன சாயபு சிரித்தார். "இது மட்டும் அடங்கிடுச்சுன்னா, தேவசகாயம், இஞ்சின் ரூமு உனக்கு. வாப்பாகிட்ட நான் சொல்றேன்."

அன்று சாயங்காலம் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி சவுரியம்மாள் தட்டைப் பார்த்துவிட்டு, "இப்பவே பெரிய இஞ்சின்காரரு ஆய்ட்டாரு, நம்ம சோறு எங்க எறங்கும்?" என்றாள். அவளும் அதே ஷாப்பில்தான் வேலை செய்தாள். பதம் ஏறி வருகிற தோலுக்குப் புங்க எண்ணெய் தேய்ப்பது அவள் வேலை. எண்ணெய் இல்லாத தோல் வெடித்துவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு தோல் வறண்டு கிடந்தாலோ கீச்சென்றாலோ எந்தக் கையும் யோசிக்காமல் எண்ணெய்த் துணியைத்தான் எடுக்கும்.

அண்ணன் எருமைத் தோலில் முதுகுப்பக்கம் தேடினார். எண்ணெய் ஏறிய தோல் வழுக்கும் என்பதால், தோல் பதமாகிற பட்டைக் குழியிலிருந்து வந்து இன்னும் எண்ணெய் படாத தோலாகக் கேட்டு வாங்கினார். நாலு வட்டு வெட்டி, வெயிலில் மூன்று நாள் காயவைத்து, கண்ணாடிச் சில்லால் சீவினார். தகட்டைக் கொல்லர் அடித்துக் கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை, முதலாளி வீட்டார் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார்.

மறுநாள் சின்ன சாயபு அவரைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிகொண்டா வரை போய்வந்தார். திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் ஒரே புழுதி. "ஒரு தரம்தான் எகிறுச்சு. உடனே உக்காந்துடுச்சு" என்று அண்ணன் என்னிடம் மூன்று முறை சொன்னார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. இஞ்சின் ரூமைக் கூட்டிவைக்கும்படி என்னிடம் சொன்னார். நானும் கூட்டினேன்.

ஒரே ஒரு குறைதான். காய்ந்த தோல் இரும்பில் உரசுவதால் வண்டி கீச்சு கீச்சென்று கத்தியது.

"கத்துனாத்தான் பிடிக்குதுன்னு அர்த்தம்" என்றார் அண்ணன். சின்ன சாயபு ஒத்துக்கொண்டார். ஷாப்பு ஆட்கள்தான் கேலியை விடவில்லை. சின்ன சாயபுவுக்கு வேலூரில் பெண் முடிவாகி, அடுத்த வாரம் பெண் வீட்டு விருந்துக்கு இந்த வண்டியில்தான் போவதாக இருந்தார்.

"மாப்பிள்ள வர்றாருன்னு ஆள் அனுப்பவே தேவையில்ல" என்றார் கஃபார் மேஸ்திரி. "பள்ளிகொண்டா தாண்டும்போதே வேலூருக்குக் கேக்கும். எலி வளர்க்கிற மாப்பிள்ளன்னு நெனப்பாங்க."

"எலி இல்ல மேஸ்திரி, தேவசகாயம் உள்ள உக்காந்து அழுவுறான்" என்றான் மூட்டை தூக்குகிற வேலு. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் அங்கேதான் தோல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

விருந்துக்கு முன் நாள் மத்தியானம் அண்ணனுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு நானும் அண்ணியும் போனோம். அவர் குழியில் இருந்தார். வண்டி புளியமரத்தடியில் நின்றது. கூழ்ச் சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, அண்ணி இடுப்பில் செருகியிருந்த எண்ணெய்த் துணியை எடுத்து, தகட்டிடுக்கில் தெரிந்த தோல் விளிம்பில் பிழிந்தாள். தோல் அப்படியே குடித்தது. இன்னும் கொஞ்சம் பிழிந்தாள்.

"பாவம், காஞ்சு கெடக்குது. இவருக்கு இதுக்கு எங்க நேரம்" என்றாள்.

நான் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வழியில் ஆணி கிடந்தால் எடுத்துப் போடுவதுபோல் அவள் அதைச் செய்தாள். அதனால்தான் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவுமில்லை.

சாயங்காலம் அண்ணன் வண்டியைத் தள்ளிப் பார்த்தார். கீச்சு இல்லை. கஃபார் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, தோலு பழகிடுச்சு!" என்றார். ஆறு நாள் ஓட்டத்தில் வட்டும் தகடும் ஒன்றுக்கொன்று இணங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார். அவிழ்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அதுதான் அவர் செய்த தப்பு. அவ்வளவு நாள் எதையும் அவிழ்த்துப் பார்க்காமல் நம்பாதவர், அன்றைக்கு மட்டும் நம்பினார்.

பள்ளிகொண்டாவுக்கு இந்தப் பக்கம் ஒரு மதகு. மறுநாள் விருந்துக்குப் போகும்போது சின்ன சாயபு அதில் வேகமாக ஏறியிருக்கிறார். முன்சக்கரம் எகிறியது, இறங்கியது, மறுபடி எகிறியது. மூன்றாம் எகிறலில் அவரைக் கல்லின் மேல் போட்டது. வலது தோளும் கையும் உடைந்தன. விருந்துக்கு வாங்கிய அல்வாப் பெட்டி பாலாற்று மணலில் கிடந்ததாம். விருந்து நின்றது. வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றி ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள்.

முதலாளி பெரிய சாயபு பக்கத்தில் நிற்க, அண்ணன் நட்டை அவிழ்த்தார். நாலு வட்டும் கறுத்துப் பளபளவென்று இருந்தன. ஒன்றை எடுத்து மோந்தார். புங்க எண்ணெய். அவர் தலை தானாகத் திரும்பி எண்ணெய்க் கொட்டகையைப் பார்த்தது. அங்கே அண்ணி முதுகைக் காட்டியபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். எல்லாம் ஒரு நொடிதான்.

"இன்னாப்பா ஆச்சு?" என்றார் பெரிய சாயபு.

"எண்ணெய் நான்தான் போட்டேன் சாயபு. சத்தம் வருதுன்னு. வழுக்கிடுச்சு."

"போடக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் சாயபு."

பெரிய சாயபு கோபக்காரரல்ல. அவர் கத்தியிருந்தால் அண்ணனுக்கு அழுகையாவது வந்திருக்கும். "தெரிஞ்சே செஞ்ச கையில நான் இஞ்சினைக் குடுக்க முடியாதுப்பா" என்று மட்டும் சொன்னார். அண்ணன் தலையாட்டிவிட்டுக் குழிக்குப் போனார்.

வீட்டில் அண்ணி சோறு போட்டபடி, "நான்கூட நல்லா எண்ணெய் விட்டு வெச்சேன். அப்பவும் இப்படி ஆய்டுச்சே. அந்த வண்டிக்கே ராசி இல்ல" என்றாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. "நீ விட்டது நல்லதுதான். நட்டு லூசாய்டுச்சு" என்றார். பிறகு என் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இன்றுவரை நான் அவளிடம் சொன்னதில்லை.

நாலு மாசம் கழித்து, கை சேர்ந்த பிறகு சின்ன சாயபு மதராஸிலிருந்து முனிரத்தினம் என்ற ஃபிட்டரை வரவழைத்தார். எழுதிப்போட்ட சீமைச் சாமான் வந்தபாடில்லை. முனிரத்தினம் நல்ல மனுஷன். இரண்டு நாள் வண்டியோடு மல்லாடிவிட்டு, யாரோ சொல்லிக் குழியோரம் வந்து குந்தினார்.

"அண்ணே, நீங்கதான் முதல்ல செஞ்சீங்கன்னாங்க. எந்தத் தோலு, எத்தினி சுத்து இறுக்கணும்?"

அண்ணன் முழங்கால் வரை சுண்ணாம்பில் நின்றபடி சொன்னார். எருமை முதுகு. எண்ணெய் படாதது. மூன்று நாள் வெயில். கையால் இறுக்கி, அதற்கு மேல் அரைச் சுற்று. "கத்தும். கத்தட்டும் வுடு. யாரையும் தொட வுடாதே" என்றார். முனிரத்தினம் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் சின்ன சாயபு வேலூர் போய் வந்தார். வண்டி எங்கும் குதிக்கவில்லை. முனிரத்தினத்துக்கு இஞ்சின் ரூம் வேலை கொடுத்து ஆம்பூரிலேயே இருக்கச் சொன்னார்கள். அவர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவிலேயே வீடு பிடித்தார். இஞ்சின் நின்றால் அதற்குப் பிறகு அண்ணனைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அண்ணனுடைய இடது கால் விரல்களில் இரண்டை அந்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். ஒரு மாசம் ஆவதற்குள் கோணித் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மறுபடி குழியில் இறங்கினார்.