எழுதாமல் விட்ட மஞ்சள் போர்டு

1. இருபத்து மூன்று முகங்கள்

அருப்புக்கோட்டையில் ப்ளெக்ஸ் போர்டு டிசைன் செய்ய உட்கார்ந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, என் போர்டைப் பார்த்து ஒரு லாரிகூட நிற்காத கதையை.

பந்தல்குடி தாண்டி தூத்துக்குடி ரோட்டில் பாக்கியம் ஒரு பரோட்டாக் கடை போட்டாள். அவள் நூல் மில்லில் வேலை பார்த்தவள். புருஷன் திருப்பூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல ஒரே வீட்டில் இருந்ததில்லை. இனிப் பிரிந்திருப்பதில்லை என்று இருவரும் வேலையை விட்டுவிட்டுக் கடையைத் திறந்தார்கள். இடம் பாக்கியத்தின் தாய்மாமா முத்தையாவுடையது.

போர்டுக்குச் சொல்ல வந்த அன்று மாமாவும் கூட வந்தார். கையில் ஒரு பை நிறைய போட்டோ.

"ஒருத்தர் மூஞ்சியும் விட்டுறக் கூடாது தாயி. விட்டுப்போச்சுன்னா நாளைக்கு எங்க வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தரும் வர மாட்டாக."

எங்கள் பக்கம் இது எழுதாத சட்டம். காதுகுத்தானாலும் கடை திறப்பானாலும் சொந்தக்காரர் முகம் போர்டில் வந்தாக வேண்டும். நானும் சளைத்தவளா? இருபத்து மூன்று முகம், குலசாமி, பரோட்டா, கோழி, முட்டை, சிவப்பு எழுத்து, அதற்கு வெள்ளை அவுட்லைன், அதற்கும் வெளியே நீல நிழல். இருபதடிக்கு எட்டடி போர்டில் ஒரு சாண் இடம் சும்மா விடவில்லை. பிரிண்ட் வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

2. மூன்று எண்ணுவதற்குள்

மூன்று வாரம் கழித்து பாக்கியம் வந்து நின்றாள்.

"எக்கா, ஒரு லாரியும் நிக்க மாட்டேங்குது. ஆடிக்குள்ள யாவாரம் சூடு பிடிக்கலைன்னா திரும்பத் திருப்பூருக்கே போறேங்காக அவுக."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என் போர்டுல என்ன கொறை கண்ட? ஒன் வீட்டுக்காரரச் சால்னாவ நல்லா வைக்கச் சொல்லு!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

மறுநாள் தூத்துக்குடி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். போர்டு கண்ணில் பட்டதும் எண்ண ஆரம்பித்தேன். மூன்று எண்ணுவதற்குள் பின்னால் போய்விட்டது. நான் செய்த போர்டு, எனக்கே அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை! ஏதோ கலர் கலராக ஒன்று போயிற்று, அவ்வளவுதான். இறங்கி நடந்துபோய்க் கடையில் சாப்பிட்டேன். சால்னா பிரமாதம். வெட்கமாகப் போய்விட்டது.

3. தவில் நின்ற நேரம்

அந்த வாரமே பாளையம்பட்டியில் கோயில் பொங்கல். ஆட்டத்துக்கு வாசித்த தவில்காரர் ஒரே மாதிரி மூன்று அடி போட்டார். நான்காவது அடி விழவேண்டிய இடத்தில் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த பெண்கள்கூட பேச்சை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மொத்தக் கூட்டத்தின் கண்ணும் அந்தக் கையில்! பிறகு விழுந்தது பாருங்கள் ஓர் அடி, ஆட்டக்காரர்கள் துள்ளிவிட்டார்கள். அத்தனை பேரையும் திரும்ப வைத்தது அவர் வாசிக்காமல் விட்ட இடம்!

உடுத்தியிருந்த சேலையைக் குனிந்து பார்த்தேன். எங்களுடையது தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். ப்ளெக்ஸுக்கு வருமுன் நான் விசைத்தறிக்குச் சேலை டிசைன் போட்டவள். சேலையின் உடல் பகுதியை வெறுமையாக விட்டால்தான் பார்டர் எடுப்பாகத் தெரியும் என்று எத்தனை சேலையில் நானே செய்திருக்கிறேன்! வாசலில் கோலம் போடும்போதும் புள்ளிக்குப் புள்ளி இடம் விடுகிறேனே! கோடு, நிறம், இடைவெளி, திரும்பத் திரும்ப வருகிற தாளம், எது முன்னால் நிற்கவேண்டும் என்ற முடிவு, இதெல்லாம் தவிலுக்கும் சேலைக்கும் கோலத்துக்கும் ஒன்றுதான். போர்டு மட்டும் வேறு தொழில் என்று நினைத்துவிட்டேன். சந்தோஷம் தாங்காமல், சாமி கும்பிடக்கூட மறந்து கம்ப்யூட்டருக்கு ஓடினேன்.

4. மாமாவின் வழக்கு

என் திட்டம் இதுதான்: கடைக்கு வரும் வழியில் ரோட்டோரமாக நீளும் மாமாவின் மானாவாரிக் காட்டில் நான்கு மஞ்சள் போர்டு. எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. முதல் மூன்றிலும் கறுப்பில் 'பரோட்டா' என்ற ஒரே ஒரு சொல். நான்காவதில் வெறும் மஞ்சள். அதற்கு அடுத்தாற்போல் கடை.

பிரிண்ட் வந்ததும் பாக்கியம் நான்காவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மை தீந்து போச்சாக்கா?"

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க எல்லாரு மூஞ்சியையும் தூக்கிட்டு, என் காட்டுல வெறும் போர்டு நிக்கணுமாக்கும்? இதுலயாவது என் மூஞ்சிய மட்டும் போட்டா என்னத்தா கொறஞ்சு போகுது?"

எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். தவிலைச் சொன்னேன், சேலையைச் சொன்னேன். மனுஷன் அசையவில்லை. காடு அவருடையது, வேண்டாம் என்றால் ஒரு கம்புகூட ஊன்ற முடியாது. கடைசியில் பாக்கியம்தான் வாயைத் திறந்தாள்.

"ஒரு வாரம் பொறுங்க மாமா. அப்பயும் லாரி நிக்கலைன்னா ஒங்க ஒத்த மூஞ்சியையே இருபதடிக்குப் போட்டுருவோம்."

மாமாவின் மீசை லேசாகச் சிரித்தது. சரி என்றார்.

போர்டு ஊன்றிய மறுநாள் காலையிலேயே போய்க் கடையில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு லாரி போயிற்று. இன்னொன்றும் போயிற்று. மாமா என்னைப் பார்த்தபடியே மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்றாவது லாரி கடையைத் தாண்டிப்போய் கிறீச்சென்று நின்றது. டிரைவர் இறங்கி நடந்து வந்தார்.

"கடைசி போர்டுல எழுத மறந்துட்டீகளா? என்னன்னு கேக்கத்தேன் நிறுத்துனேன்."

அடுப்படியிலிருந்து பாக்கியத்தின் புருஷன் எட்டிப் பார்த்தார். "உக்காருங்கண்ணே, சுடச்சுட நாலு போடுறேன்!" கொத்துக் கரண்டி கல்லில் டங்டங்கென்று விழுந்தது. ஒரு லாரி நிற்பதைப் பார்த்துப் பின்னால் வந்த இன்னொன்றும் ஓரம்கட்டியது. நான் சின்னப்பிள்ளை போலக் கைதட்டிவிட்டேன்.

பழைய போர்டை நான் வீணாக்கவில்லை. முகங்களை மட்டும் எடுத்து, நடுவில் மாமாவைப் பெரிதாக வைத்து, இரண்டு பக்கமும் பதினொன்று பதினொன்றாக நிறுத்திக் கடைக்குள் சுவரில் மாட்டிக் கொடுத்தேன். சாப்பிட உட்கார்ந்தவனுக்கு ஒவ்வொரு முகமாகப் பார்க்க நேரம் உண்டு. சொந்தத்தில் ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகளே, டிசைனை அனுப்புமுன் பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து மூன்று எண்ணுங்கள். அதற்குள் கண்ணில் என்ன நிற்கிறதோ, போர்டு அதற்காக மட்டும் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் கம்ப்யூட்டரை விட்டு எழுந்துபோய் மேளம் கேளுங்கள், சேலை பாருங்கள்.

ஆடி போய் ஆவணியும் வந்தது. திருப்பூருக்கு யாரும் பஸ் ஏறவில்லை. போன மாதம் ஒரு சிமெண்ட் கடைக்காரர், அந்த வெற்று போர்டில் தன் விளம்பரத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தாராம். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாராம்.

"அது சும்மா நிக்குதுன்னு யாருய்யா சொன்னா? எங்க மருமகன ஊர்ல நிப்பாட்டி வச்சிருக்கதே அதுதேன்."