கையால் பார்த்தேன், சரி

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். புரோகிராமைச் சோதிக்கத் தானாக ஓடும் டெஸ்ட்டில், தப்பு என்று சிவப்பு விழுந்தால் முதலில் என்னைக் கூப்பிடுவார்கள். டெஸ்ட் செய்த அதே வேலையை நான் கையால் செய்து பார்க்க வேண்டும். எனக்கும் சரியாக வரவில்லை என்றால் புரோகிராமில் கோளாறு. எனக்கு வந்துவிட்டால் டெஸ்ட்டில் கோளாறு. ஷீட்டில் தேதி போட்டு, "கையால் பார்த்தேன், சரி" என்று எழுதுவேன். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

நான் பத்தாவது ஃபெயில். தி.நகரில், ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி அலுவலகம். கேபிள் இழுக்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். பொறுமையாகப் பார்க்கிற ஆள் வேண்டும் என்றார்கள். மேனுவல் டெஸ்டர் என்று அட்டை கொடுத்தார்கள். டைப்பிங் படித்ததில்லை. இரண்டு ஆள்காட்டி விரல்தான்.

"மாமா டைப் அடிக்கிறது கேரம் ஆடற மாதிரி கீது. குறி வெச்சு, குறி வெச்சு, ஒவ்வொரு காயா போடுறாரு" என்பான் பக்கத்து சீட்டுக்காரன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நாங்கள் செய்தது ஒரு டிபக்கர். புரோகிராமை வேண்டிய இடத்தில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிற கருவி. நிறுத்த வேண்டிய இடத்தின் பெயரை அடிக்க வேண்டும். பெயர்கள் நீளம். பாதி அடித்து டேப் பொத்தானைத் தட்டினால் மீதியை அதுவே எழுதும். இரண்டு மூன்று பெயர் பொருந்தினால் எழுதாது, பட்டியல் காட்டி எது என்று கேட்கும். அது ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்க ஏழு டெஸ்ட்.

அந்த ஏழையும் எழுதியவள் மயிலாப்பூர்ப் பெண். படிப்பு முடித்து முதல் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். கேரம் என்று சொன்னபோது அவளும் சிரித்தவள்தான்.

ஏழும் ஒருநாள் பச்சை, ஒருநாள் சிவப்பு. யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். காலையில் பச்சை, சாப்பிட்டு வந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மற்றவர்கள் வேலையும் நின்றுவிடும். எல்லோரும் அவள் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். நான் உட்கார்ந்து டிபக்கரைத் திறப்பேன், எழுத்தைத் தேடி அடிப்பேன், டேப் தட்டுவேன். பட்டியல் சரியாக வரும். ஷீட்டில் எழுதிவிட்டு எழுந்து போவேன்.

ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒரு ஹெல்ப். இதையே கொஞ்சம் வேகமா அடிச்சுப் பாக்கறீங்களா?"

"இன்னாத்துக்கு?"

"டெஸ்ட் டக்குனு அடிக்குது. நீங்க மெதுவா அடிக்கறீங்க. அந்த கேப்லதான் ஏதோ நடக்குதுன்னு தோணுது. நான் அடிச்சா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நீங்க ஷீட்ல எழுதினாதான்..."

பக்கத்து சீட்டுக்காரன் தலையைத் தூக்கினான். "வேகமாவா? மாமாவா? நல்லா கேட்ட போ."

சுற்றிலும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

"மெதுவான்னா இன்னாம்மா? தப்பா அடிக்கிறேனா நானு?"

"ஐயோ, அப்படி சொல்லலண்ணா."

"எனுக்கு வருது. உன் டெஸ்ட்டுக்கு வரல. போய் அத்தப் பாரு."

போனாள். அடிக்கவில்லை நான். ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்திருக்கலாம்.

ஆறாவது மாதக் கடைசியில் கண்ணாடி அறைக்குள் என்னையும் கூப்பிட்டார்கள். மேனேஜர், அவள், நான். மேனேஜர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் ஷீட்டைத் திரையில் போட்டார். மேலிருந்து கீழே வரை ஒரே வரி. என் வரி.

"பாஸ், இவ்வளவு தடவையும் நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"ஒரு தடவைகூட மிஸ் ஆகலையா?"

"ஆகல சார்."

அவளிடம் திரும்பினார். "அவருக்கு வருதும்மா. அப்போ ப்ராப்ளம் யார்கிட்ட?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன். அந்த வாரமே அவளை அனுப்பிவிட்டார்கள். கொடுத்த கடிதத்தில், வேலை திருப்தி இல்லை என்று ஒரு வரி இருந்ததாகப் பிறகு தெரிந்தது.

அந்த ஏழு டெஸ்ட்டும் அப்படியே கிடந்தன. சிவப்பு விழுவதும் நிற்கவில்லை. நான் எழுதுவதும் நிற்கவில்லை.

மழைக்காலம் வந்தது. மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் கூட்டத்தில் ஷேர் ஆட்டோ கம்பிக்கு நடுவில் வலது ஆள்காட்டி விரல் சிக்கி நசுங்கியது. கட்டுப் போட்டார்கள். வேலைக்குப் போனேன். அன்றைக்கும் சிவப்பு. ஒரு விரலால் அடிக்க அலுப்பாக இருந்தது. அந்தப் பெண் விட்டுப்போன குறிப்பில் அடிக்க வேண்டிய எழுத்து எல்லாம் வரிசையாக இருந்தது. அதைக் காப்பி எடுத்தேன். டிபக்கரைத் திறந்தேன், ஒட்டினேன், உடனே டேப் தட்டினேன்.

பட்டியல் வரவில்லை. ஒரே ஒரு பெயரை முழுசாக எழுதி நின்றது. அதுவும் வேறு பெயர்.

மூடினேன். மறுபடி திறந்து ஒட்டித் தட்டினேன். மறுபடி தப்பு. இன்னொரு தடவை செய்தேன். சரியாக வந்தது. அடுத்ததில் தப்பு. இடது கை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தேன். எத்தனை தடவை அடித்தாலும் சரி.

படித்தவன் இல்லை, ஆனால் இது புரிந்தது. டிபக்கர் திறந்ததும் எல்லாப் பெயரையும் படித்து முடிக்க அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். முடிப்பதற்குள் டேப் தட்டினால், 'பொறு, இன்னும் படிக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அதுவரை படித்ததில் ஒன்று பொருந்தினால் அது ஒன்றுதான் உலகத்திலேயே இருக்கிற மாதிரி எழுதிவிடுகிறது. நான் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பதற்குள் அது படித்து முடித்துவிடும். அதனால் எனக்கு எப்போதும் சரி. டெஸ்ட் பொய் சொல்லவில்லை. நான் பார்த்ததுதான் பொய்.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சார், டெஸ்ட் மேல தப்பில்ல. டிபக்கர்லதான் கீது."

அவரே இரண்டு தடவை ஒட்டிப் பார்த்தார். முகம் மாறியது. சுற்றிப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார்.

"இதை இப்ப தோண்டினா ரிலீஸ் போயிடும் பாஸ். டெஸ்ட் கொஞ்சம் நின்னு நின்னு அடிக்கற மாதிரி வெயிட் போட்டுடுங்க. உங்க ஸ்பீடுக்கு அடிக்கட்டும். பச்சையாயிடும்."

"அந்தப் பொண்ணு சார்?"

"அது முடிஞ்சுபோச்சு. விடுங்க."

அன்று சாயங்காலம் வடபழனி டெப்போ ஓரமாக நின்று அவளுக்குப் போன் செய்தேன். சொன்னேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணா" என்றாள்.

"எனுக்கு இன்னிக்குதாம்மா தெரிஞ்சுது."

பஸ் சத்தம்.

"அண்ணா, போற எடத்துல எல்லாம் அந்த லெட்டரைக் கேக்கறாங்க. அடையாறுல ஒரு இன்டர்வியூல எழுந்து போகச் சொல்லிட்டாங்க. இப்ப சொன்னீங்கல்ல, இதையே ரெண்டு வரி மெயில்ல எழுதுங்க. மேனேஜருக்கும் எனக்கும். நீங்க எழுதினா லெட்டரை மாத்தித்தான் ஆகணும்."

"பாக்கறேம்மா."

"பாக்கறேன்னா?"

"எழுதறேன்."

மறுநாள் போனதும் மெயிலைத் திறந்தேன். அவள் கேட்டது இரண்டு வரி. ஒரு வரி அடித்தேன். டிபக்கரில் கோளாறு, டெஸ்ட்டில் இல்லை. அதற்குள் மேனேஜர் வந்து பின்னால் நின்றார். திரையைப் படித்தார். என் தோளில் கையை வைத்து, "விரல் எப்படி இருக்கு பாஸ்?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு நாற்பத்தாறு வயது. பத்தாவது ஃபெயிலுக்கு வேறு எந்த மாடியிலும் அட்டை தர மாட்டார்கள். அடித்ததை அழித்தேன்.

பக்கத்து சீட்டுக்காரன் வெயிட் எப்படிப் போடுவது என்று காட்டினான். ஏழு டெஸ்ட்டிலும் ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் கொஞ்சம் நிற்கும்படி வெயிட் போட்டேன். ஏழும் பச்சை. அதற்குப் பிறகு சிவப்பு விழவே இல்லை. வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கை தட்டினார்கள். "மாமா ஸ்பீடுதான் கரெக்ட் ஸ்பீடு" என்றான் பக்கத்து சீட்டுக்காரன்.

அவள் எண் அந்த வாரம் இரண்டு முறை வந்தது. எடுக்கவில்லை. மூன்றாவது முறை வரவில்லை.