பிடுங்கி வைத்த பொத்தான்

என் மேசை இழுப்பறையில் ஒரு பொத்தான் கிடக்கிறது. சட்டைப் பொத்தான் இல்லை. கம்ப்யூட்டர் விசைப்பலகையிலிருந்து பிடுங்கியது. பழுப்பேறிப் போய், மேலே ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து பாதி அழிந்திருக்கிறது. இந்தப் பல்கலைக்கழக ஊழியர்களின் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் நான்தான் பொறுப்பு என்பதால், பார்க்கிறவர்கள் ஏதோ உதிரி பாகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் விளக்கம் சொல்வதில்லை.

1991-இல் இது பல்கலைக்கழகம் இல்லை. ஒரகடம் சாலையில், சுற்றிலும் வயலாக இருந்த இடத்தில், புதிதாக முளைத்த பொறியியல் கல்லூரி. டிப்ளமோ முடித்த கையோடு கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குச் சேர்ந்து, மறைமலை நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டுமானால் பிரின்சிபாலே ஆனாலும் செருப்பை வெளியே விட வேண்டும். ஏசி எங்களுக்காகப் போட்டதில்லை, மெஷினுக்காகப் போட்டது. அந்த வருஷம்தான் ஆபீஸுக்கென்று முதல் கம்ப்யூட்டர் வந்தது. டைப்பிஸ்ட் அக்காவை அதில் உட்காரச் சொன்னார்கள்.

அக்கா பிள்ளைப்பாக்கத்துக்காரர். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். அப்போதும் தற்காலிக ஊழியர்தான். வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டதால், அக்கா சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. விசைப்பலகையை அவர் அடிக்கிற அடியில் மேசையே அதிரும். வரி முடிந்ததும் இடது கை தானாக மேலே எழும்பி, டைப்ரைட்டரில் அடுத்த வரிக்குப் போகத் தள்ளுகிற நெம்புகோலைத் தேடிப் போய், வெறும் காற்றைத் தள்ளிவிட்டு அசடு வழியத் திரும்பி வரும். ஆபீஸே சிரிக்கும். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அடிப்பதை நிறுத்த மாட்டார்.

மாணவர்களின் மதிப்பெண்களை முதல்முறையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கூட்டி, அச்செடுத்தோம். வெள்ளிக்கிழமை காலை ஒரு பேராசிரியர் அந்தத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வீசினார். எழுபத்தொன்று வாங்கியவனுக்கு ஏழு. நூறு வாங்கிய பெண்ணுக்கு முட்டை. ஏ.ஓ. என்று நாங்கள் சொல்கிற நிர்வாக அதிகாரி அக்காவைக் கூப்பிடக்கூட இல்லை, நின்ற இடத்திலிருந்தே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார்: “இந்தம்மாவுக்கு இதெல்லாம் வராதும்மா. கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன் ஒருத்தனப் போட்டுக்கலாம். இந்த மாசத்தோட கணக்க முடிச்சு அனுப்பிடலாம்.”

அக்கா அழவில்லை. தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். “இன்னாம்மா, மெஷின் தப்பா, நான் தப்பா? பாத்து சொல்லு.”

இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். தப்பாகிப்போன மதிப்பெண் எல்லாவற்றிலும் எங்கோ ஓர் இடத்தில் ஒன்று என்ற எண் இருந்தது. அக்காவின் விரலைப் பார்த்தேன். ஒன்று வருகிற இடத்திலெல்லாம் வலது கை மோதிர விரல் சின்ன ‘எல்’லைத் தட்டியது. கேட்டால், “டைப்ரைட்டர் மெஷின்ல ஒண்ணுக்குத் தனிப் பொத்தானே கெடையாதே. ‘எல்’லத்தான் அடிப்போம். பாக்க ஒண்ணு மாதிரியேதானே கீது?” என்றார். தாளில் படிக்கிற மனிதனுக்கு அது ஒன்று. கூட்டுகிற கம்ப்யூட்டருக்கு அது எழுத்து. அந்த இடத்தோடு மெஷின் எண்ணைப் படிப்பதை நிறுத்திவிடும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றித் தருகிறேன் என்றேன். அக்கா சம்மதிக்கவில்லை. “இன்னிக்கு நீ மாத்திக் குடுப்ப. அடுத்த மாசம்? எனக்கு வராதுன்னு தானே சொல்லிட்டுப் போறாரு? நானே மொத்தத்தையும் திரும்ப அடிக்கிறேன். திங்கக்கிழம வரைக்கும் டைம் மட்டும் வாங்கிக் குடு.”

வாங்கிக் கொடுத்தேன். ஆனால் பதினைந்து வருஷம் பழகிய விரல் சொன்ன பேச்சைக் கேட்குமா? மனசு ஒன்று என்கிறது, விரல் ‘எல்’லுக்கு ஓடுகிறது. அடிப்பார், அழிப்பார், மறுபடியும் அதையே அடிப்பார். கடைசியில் விரலை உதறிக்கொண்டு, “அந்தப் பொத்தானப் புடுங்கிப் போடும்மா” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏசியில் வைத்துக் காப்பாற்றுகிற கல்லூரிச் சொத்து! “பேரெல்லாம் ஏற்கெனவே ஏத்தியாச்சு. எனக்கு நம்பர் மட்டும் போதும். புடுங்கு.”

ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தேன். அதன்பிறகு விரல் அங்கே போனதும் குழியில் விழுந்தது. ‘ச்சு’ என்பார், இடது கைச் சுண்டு விரலால் மேலே இருக்கிற ஒன்றை அடிப்பார். சனிக்கிழமை முழுக்க அந்த ‘ச்சு’ கேட்டுக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்குக்கூடப் போகாமல் வந்தார். “ஆண்டவர் கோச்சிக்க மாட்டாரு, ஏ.ஓ.தான் கோச்சிப்பாரு.” அன்று மத்தியானத்துக்கு மேல் ‘ச்சு’ சத்தம் நின்றுவிட்டதை நான் கவனித்தேன். அக்கா கவனிக்கவில்லை, அடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தாளில் ஒரு பிழைகூட இல்லை. நிர்வாக அதிகாரி இரண்டு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பையன் யாரும் வரவில்லை. அடுத்த வருஷம் அக்காவுக்கு வேலை நிரந்தரமானது. நான் நெம்பிய நெம்பில் பொத்தானின் அடிப்பக்கம் உடைந்திருந்ததால், பழைய விசைப்பலகை ஒன்றிலிருந்து வேறு ‘எல்’ பொத்தானைப் பொருத்தினேன். அக்கா அதே ஆபீஸில் சூப்பிரண்டாகி ஓய்வு பெற்றார். இடது கை மட்டும் கடைசி நாள் வரைக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

இப்போது வயலிருந்த இடமெல்லாம் தொழிற்சாலை. போன வாரம் ஒரு கோப்பு என் கையெழுத்துக்கு வந்தது. கணக்குப் பிரிவில் ஐம்பது தாண்டிய அம்மா ஒருவருக்குப் புது மென்பொருள் பிடிபடவில்லை, உதவி கேட்டு ஓயாமல் போன் செய்கிறார், அந்த வேலைக்குத் தகுதியில்லை என்று நான் எழுதித் தர வேண்டுமாம். பதிவாளரே போன் செய்தார். “அவங்களுக்கு வராது மேடம். போட்டுடுங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கோப்பை மூடினேன். இழுப்பறையைத் திறந்து பொத்தானைக் கையில் எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போனேன். பெரிய மேடமே வந்துவிட்டாரே என்று அந்த அம்மா பயந்து எழுந்தார். உட்காரச் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீங்க பாட்டுக்கு அடிங்கம்மா,” என்றேன். “உங்க விரல் எங்க போகுதுன்னு நான் பாக்கணும்.”