கன்னத்தில் கை வைக்கிற ஸ்டெப்

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து பெண்கள் நடனம் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் கணவரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு கதாநாயகனாக நின்றாள். பாட்டில் ஒரு வரி வந்ததும் அவள் கையை ஓங்கிக் காற்றில் வீசினாள். மற்ற நான்கு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பி, கன்னத்தில் கை வைத்து, தலை குனிந்து சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து தொப்பிக்காரியின் தோளில் சாய்ந்தார்கள். நான் பஜ்ஜித் தட்டோடு சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். நான் வேலை செய்கிற மெடிக்கல் ஷாப்புக்குப் பக்கத்து டீக்கடையில் நாள் முழுவதும் ஓடும். சொல்லிக் கேட்காதவளை ஓர் அறை கொடுத்தால் நாணி வந்து நெஞ்சில் சாய்வாள் என்பது அந்த வரியின் பொருள். மெட்டு நன்றாக இருக்கும். மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது நானே முணுமுணுத்திருக்கிறேன். ஆனால் அதை நான்கு பெண்கள் உடம்பால் செய்து காட்டியபோது, என் கையில் இருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஐந்து பேரில் ஒருத்தி என் மகள். மற்றவர்கள் அவளோடு வேலை செய்கிறவர்கள். ஓசூரைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் என் மகள் டிப்ளமோ முடித்துவிட்டு டிரெய்னியாக இருக்கிறாள். தீபாவளி கழிந்ததும் பயிற்சிக் காலம் முடிகிறது. சிலரை மட்டும் நிரந்தரம் செய்வார்கள், மற்றவர்களை நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். நிரந்தரமானால் வேலை செய்துகொண்டே பி.இ. படிக்கலாம் என்பது அவள் திட்டம். ஆகாவிட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஊத்தங்கரைப் பக்கத்து உறவுக்காரர்கள் இரண்டு முறை ஜாதகம் கேட்டுவிட்டார்கள்.

அந்தக் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று ஒருநாள்தான் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு லைனும், அதாவது ஒரு வரிசை மெஷின்களில் வேலை செய்கிற குழுவும், தன் மெஷின்களுக்கு அலங்காரம் செய்து, தன் சார்பில் ஒரு நடனம் ஆட வேண்டும். என் மகளின் லைனில் பெரும்பாலும் ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள். பாட்டைத் தேர்ந்தெடுத்தவர் டீம் லீடர். எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆடுகிறவர்களில் தமிழ் சரியாகத் தெரிந்தவள் என் மகள் ஒருத்தி, மற்றவர்களுக்குப் பேச்சுக்கு நாலு வார்த்தை. அதனால் வாயசைக்கக் கற்றுத்தரும் பொறுப்பு அவளுக்கு. ஹாஸ்டலில் ஸ்பீக்கர் வைக்க வார்டன் விடாததால் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

தொப்பி போட்ட ஒடிசாப் பெண் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, எப்பிடி? நல்லா இருக்கா?" என்றாள்.

"நல்லா இருக்கும்மா. அந்தக் கன்னத்துல கை வைக்கிறது என்னன்னு தெரியுமா?"

"தெரியும் ஆன்ட்டி. ஷரம். வெக்கம்." அவள் மறுபடி செய்து காட்டினாள். உண்மையிலேயே அழகாக வெட்கப்பட்டாள்.

நான் என் மகளைப் பார்த்தேன். அவள் போனில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். சமையலறைக்குக் கூப்பிட்டேன்.

"அவங்களுக்கு அர்த்தம் சொல்லலையா நீ?"

"சொன்னா ஆட மாட்டாங்கம்மா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அண்ணா எடுத்த பாட்டு. டிரெய்னிங் ரிப்போர்ட் அண்ணாதான் எழுதறாரு. நீ பஜ்ஜி போடு."

தெரிந்தே பேசாமல் இருந்திருக்கிறாள். வெளியே இருந்தவர்களுக்கு எங்கள் குரல் கேட்டிருக்க வேண்டும். ஒடிசாப் பெண் வாசலில் வந்து நின்று என்ன ஆச்சு என்று கேட்டாள். என் மகள் முதலில் ஒன்றுமில்லை என்றாள். அவள் விடவில்லை. கடைசியில் என் மகள் தனக்குத் தெரிந்த இந்தியில் அந்த வரியைச் சொன்னாள். சொல்லும்போது அவள் என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஒடிசாப் பெண் தொப்பியைக் கழற்றினாள். பிறகு சிரித்தாள். "எங்க ஊர் பாட்டும் இப்பிடிதான் ஆன்ட்டி. இதுக்கு மேல இருக்கு." தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டாள். மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புதான் பாட்டைவிட மோசமாக இருந்தது. நான்காவது பெண், ஜார்க்கண்டைச் சேர்ந்தவள், அதுவரை அதிகம் பேசாதவள், சோபாவின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். தன் கன்னத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துவிட்டு, இந்தியில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"என்ன சொல்றா?" என்று என் மகளிடம் கேட்டேன்.

"இதுக்குப் பயந்துதான் ஊரை விட்டு வேலைக்கு வந்தேன், இங்கயும் வந்து இதை ஆடணுமான்னு கேக்கறா."

மறுநாள் பெண்கள் ஐந்து பேரும் டீம் லீடரிடம் போய்ப் பாட்டை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவர் கோபப்படவில்லையாம். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவர் என் மகளை மட்டும் பார்த்து, "ஓ, நம்ம லைன்ல ஒரு ஃபெமினிஸ்ட் மேடம் இருக்காங்களா, தெரியாமப் போச்சே" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"நான் ஃபெமினிஸ்ட் எல்லாம் இல்லைண்ணா, பாட்டை மட்டும் மாத்துங்கன்னு சொன்னேன்."

திருட்டுக் குற்றத்தை மறுப்பதுபோல் மறுத்திருக்கிறாள். நான் கிருஷ்ணகிரியில் படிக்கும்போது பெண்ணுரிமை என்ற தலைப்பில் பேச்சுப்போட்டியில் பேசி எவர்சில்வர் குடம் பரிசு வாங்கினேன். என் அப்பா அதைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார். அதே பேச்சு ஒரு பெண்ணின் மேல் ஒட்டினால் துடைத்துக்கொள்ள வேண்டிய அழுக்காக எப்போது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கவனிக்காமல் இருந்த ஏதோ ஒரு பத்தாண்டில் நடந்திருக்கிறது.

பாட்டை மாற்றவில்லை. அன்று சாயங்காலமே லைனின் வாட்ஸ்அப் குரூப்பில் என் மகளின் முகத்தை வெட்டி ஒட்டிய ஸ்டிக்கர் வந்தது. மூக்குக் கண்ணாடி, நெற்றியில் பெரிய பொட்டு, கீழே 'ஃபெமினிஸ்ட் மேடம்', பக்கத்தில் ஓங்கிய ஒரு கை. அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தபடி இருந்தன. பாதிக்கு மேல் பெண்கள் அனுப்பியவை. அதில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போன ஒரு பெண்ணும் இருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து கம்பெனி பஸ்ஸில் அவள் ஏறும்போதெல்லாம் அந்தப் பாட்டு. நான் நம்பாமல் ஒருநாள் காலை ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். பஸ் நின்றது. கதவு திறந்தது. பாட்டு சரியாக அந்த வரியிலிருந்து தொடங்கியது. யாரோ வேண்டுமென்றே அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்கள். பின்சீட்டுகளிலிருந்து ஆண்கள் சேர்ந்து பாடினார்கள். என் மகள் யாரையும் பார்க்காமல் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

நான் படியில் கால் வைத்து டிரைவரிடம், "ஏங்க, இதை நிறுத்தக் கூடாதா?" என்றேன்.

அவர் அத்திப்பள்ளிப் பக்கத்துக்காரர். "நான் போடல தாயி. புளூடூத் அவங்க கையில. சும்மா ஹுடுகாட்டம்மா, பசங்க விளையாட்டு" என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல், "ஆன்ட்டி, டிக்கெட் எடுத்தீங்களா? இது கம்பெனி பஸ்" என்றது. பஸ் முழுக்கச் சிரித்தது. நான் காலை எடுத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவரும் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். கெட்ட மனிதர் இல்லை. என்னைக் கை நீட்டி அடித்ததே இல்லை.

"அத்தினி பேரும் ஆடறாங்க, இவளுக்கு மட்டும் என்னா? ஒரு பாட்டு. அதைப் புடிச்சிக்கினு யாராவது வேலையைக் கெடுத்துக்குவாங்களா?"

"பஸ்ல வந்து பாருங்க."

"நானும் பட்டறையில எத்தினியோ பாத்துட்டேன். நீதான் ஆரம்பிச்சது. அதுங்க பாட்டுக்கு வெக்கம்னு நெனச்சி ஆடிக்கினு இருந்ததுங்க. நீ போயி அர்த்தம் கேட்ட. பர்மனென்ட் ஆர்டர் கையில வர்ற வரைக்கும் வாயை மூடிக்கினு இருக்கச் சொல்லு."

 நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் தலைவாரிக்கொண்டிருக்கும்போது போய், "ஆடிட்டு வந்துடும்மா, ஒரே ஒரு நாள்தானே" என்றேன். கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தாள். "ஆடறேன்மா. நிறுத்தறதா யாரு சொன்னா" என்றாள்.

ஆயுத பூஜை அன்று நானும் என் கணவரும் போனோம். மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும். தூண்களில் வாழைக்கன்று. வாசலில் உடைத்த பூசணிக்காய்களின் சிவப்பு ஈரம் காயாமல் இருந்தது. ஆளுக்கொரு கவரில் பொரியும் கடலையும் கொடுத்து, பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு லைனாக ஆடியது.

என் மகளின் லைன் வந்தது. பாட்டு தொடங்கியதுமே விசில். பெண்கள் நன்றாக ஆடினார்கள். நான் அந்த வரிக்குக் காத்திருந்தேன். அது வந்தது. தொப்பி போட்டவள் கையை ஓங்கவில்லை. ஐந்து பேரும் கைகளைத் தொங்கவிட்டு அப்படியே நின்றார்கள். வாயும் அசையவில்லை. நேராக எங்களைப் பார்த்தார்கள்.

கூட்டம் அமைதியாகும் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. கூட்டம் பாடியது. ஆண்கள் மட்டும் இல்லை, பட்டுப்புடவை கட்டி வந்த மனைவிமார்களும், மடியில் குழந்தையை வைத்திருந்த அம்மாக்களும் அந்த வரியைச் சத்தமாகப் பாடினார்கள். எங்கள் முன்வரிசையில் ஒரு சின்னப் பெண்குழந்தை நாற்காலியில் ஏறி நின்று, சந்தோஷமாகக் காற்றை அறைந்தது. வரி முடிந்ததும் மேடையில் இருந்தவர்கள் மறுபடி ஆடினார்கள். அந்த வரி மூன்று முறை வந்தது. மூன்று முறையும் அவர்கள் நின்றார்கள். கூட்டம் முன்னைவிடச் சத்தமாகப் பாடியது.

என் பக்கத்தில் இருந்த அம்மா பொரியை மென்றபடி, "பாவம், ஸ்டெப்பை மறந்துட்டாங்க. ரிகர்சல் பத்தல போல" என்றார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே இரக்கப்பட்டார். என் கணவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்குப் பிறகு கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. பெண் டிரெய்னிகள் விஷயத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவது அங்கே வழக்கம். பையன்களின் வீட்டாரைக் கூப்பிடுவதில்லை. நான் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். ஹெச்.ஆர். மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். எனக்கு டீ வரவழைத்தார். மகளும் பக்கத்தில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணு நல்லா வேலை செய்யறாம்மா. அவ செஞ்ச பீஸ்ல ரிஜெக்‌ஷனே வராது. ஆனா டீம் லீடர் கொஞ்சம் எழுதியிருக்காரு. வேணும்னே புரோகிராமைக் கெடுத்தா, மத்த பொண்ணுங்களையும் தூண்டிவிட்டான்னு. எனக்கும் அந்தப் பாட்டு பிடிக்காது, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. ஆனா இந்த ஃபெமினிசம்லாம் லைன்ல வேலைக்கு ஆகாதும்மா. நானே இத்தனை வருஷம் அப்படிப் பேசாமத்தான் இந்தச் சீட்டுல உக்காந்திருக்கேன்."

நான் தலையாட்டினேன்.

"ஒண்ணு பண்ணலாம். ஸ்டெப் மறந்துபோச்சுன்னு சொல்லிடட்டும். எல்லாரும் அப்படித்தான் நெனச்சிட்டு இருக்காங்க. நான் அதையே எழுதி முடிச்சிடறேன். ஆர்டர் இந்த வாரமே வந்துடும்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் என்னை இன்னும் உலுக்குகிறது. அந்த அறையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு பொய், அதுவும் ஏற்கெனவே ஊரே நம்பிவிட்ட பொய். டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமினேன்.

"மறக்கலைங்க மேடம்" என்றாள் என் மகள்.

"யோசிச்சுச் சொல்லும்மா."

"அஞ்சு பேரும் பேசி வெச்சுத்தான் நின்னோம். மறந்துபோச்சுன்னு நான் சொன்னா, மத்த நாலு பேர்தான் வேணும்னே கெடுத்த மாதிரி ஆயிடும்."

ஹெச்.ஆர். மேடம் பேனாவை மூடினார். பயிற்சிக் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பதாகச் சொன்னார். அந்த ஜார்க்கண்ட் பெண்ணை மட்டும் ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர் போச்சம்பள்ளிப் பக்கம் வேறொரு கம்பெனிக்கு மாற்றிவிட்டதாகவும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார். நாங்கள் கேட்கவேயில்லை.

என் மகளுக்கு அன்று ஷிஃப்ட் முடிந்திருந்தது. கேட்டுக்கு வெளியே சர்வீஸ் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். லாரிகள் போகிற காற்றில் அவளுடைய ஐடி கார்டு புரண்டு புரண்டு அடித்துக்கொண்டது. அதைப் பிடித்துப் பைக்குள் போட முயன்றாள். ஜிப் திறக்கவில்லை. நான் திறந்துவிட்டேன்.

"அப்பாகிட்ட நீதான் சொல்லணும்" என்றாள்.

"சொல்றேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எனக்கு அந்த மேடத்துமேல பயமே இல்லம்மா. நீ தொண்டையைச் செருமினப்பதான் பயந்துட்டேன்" என்றாள்.

நான் ஆட்டோ வருகிறதா என்று பார்ப்பதுபோல் சாலையைப் பார்த்தேன். ஸ்டெப் மறந்துபோச்சு என்று சொல்லத்தான் செருமினேன். அவள் முந்திக்கொண்டாள்.