மாமனார் வீட்டுப் பலாவும் என் உதடும்

நான் மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. பள்ளிக்கூடத்துக் கூரை ஒரு காற்றில் பறந்து போனபோது நானும் போய்விட்டேன். கூரையைத் திரும்பப் போட்டார்கள், நான் திரும்பவில்லை. அப்படிப்பட்டவன் புதூர்நாட்டுப் பக்கத்து மலையில் என்னென்ன செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வராது என்று எல்லாரும் சிரித்த பாறையில் கிணறு வெட்டினேன். எங்கள் ஊரில் முதல் ஓட்டு வீடு கட்டினேன். டீசல் இன்ஜினைக் கழற்றி, மூங்கிலில் கட்டி, ஆள் வைத்துச் சுமந்து வந்து கேழ்வரகு அரைக்கிற மிஷின் போட்டேன். ஊரான் ஜீப்பை ஓட்டினேன், பிறகு சொந்த ஜீப் வாங்கினேன். அந்த ஜீப்பில் பிரசவத்துக்கு இறங்கின பெண்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் எனக்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைத்துவிட்டது. குறை இல்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் கிடைக்கவில்லை. அது பலாச்சுளை விஷயம்.

எனக்குப் பலாப்பழம் ஆகாது. ஒரு சுளை வாயில் போட்டால் போதும், உதடு நமநம என்று ஊறும், நாக்கு தடிக்கும், தொண்டைக்குள் யாரோ கம்பளிப்பூச்சியை விட்டது போல அரிக்கும், பிறகு உதடு வீங்கும். அத்திப்பழம் தின்றாலும் கொஞ்சம் அப்படித்தான். இன்று இதற்கு அலர்ஜி என்கிறார்கள். அந்த வார்த்தை அப்போது மலை ஏறி வரவில்லை. ஜீப்பே பாதி தூரம்தான் வந்தது, வார்த்தை எங்கே வரும்?

எண்பதுகளின் தொடக்கம். நான் அடிவாரத்துப் புளி வியாபாரி ஒருவரின் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சந்தை முடிந்து ஆள் ஏற்றும்போது ஒரு பெண், "புளி மூட்டைக்கு முன்னாடி சீட்டு, மனுசிக்குப் பின்னாடி கம்பியா?" என்று கேட்டாள். மூட்டையை இறக்கிப் பின்னால் போட்டேன். அதோடு என் கதை முடிந்தது. அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் கட்ட மாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். அப்பா அம்மா இல்லாத எனக்கு எல்லாம் அக்காதான். அக்கா விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள்: "சீக்கிரம் கெளம்புடா. நெல்லிவாசல்நாட்டுலேர்ந்து வேற ஒருத்தன் வர்ற வாரம் பொண்ணு கேட்டு வர்றானாம்."

கிளம்பினோம். பெண்ணின் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு வருகிறவன், அந்த வீட்டு முற்றத்துப் பலாமரத்துப் பழத்தைப் பெண்ணின் அப்பா கையால் வாங்கி எல்லார் எதிரிலும் தின்ன வேண்டும். தன்னைப் பற்றி அவன் சொன்னதில் பொய் இருந்தால் மரம் அதை அவன் வாயிலேயே காட்டிக்கொடுத்துவிடுமாம். அதுவரை அந்த மரம் ஒருவனையும் காட்டிக்கொடுத்ததில்லை. வந்த மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் உத்தமர்கள் என்றால் நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அக்காவுக்கு என் உதட்டு விஷயம் தெரியும். வழியெல்லாம் புலம்பினாள். "நம்ம மரம் வேற, அவங்க மரம் வேறக்கா, ஒண்ணும் ஆவாது" என்றேன். எதற்கும் தைரியமாக இறங்குவது என் சுபாவம். இல்லாவிட்டால் பாறையில் கிணறு வருமா?

முற்றம் நிறைய ஜனம். பெண்ணின் அப்பா பெரிய மீசைக்காரர், குறைவாகப் பேசுவார். அதற்கும் சேர்த்துப் பேசுவான் அவர் மகன், பெண்ணின் அண்ணன். "உன்னப் பத்திச் சொல்லுப்பா" என்றார் அப்பா. சொன்னேன். ஜீப் ஓட்டுவேன், எப்பேர்ப்பட்ட மேட்டிலும் ஏற்றுவேன். கிணறு வெட்டியிருக்கிறேன், ஆனி மாதத்திலும் தண்ணீர் இருக்கும். ஓட்டு வீடு இருக்கிறது. சொல்லும்போதே பெண் உள்ளே கதவோரம் நிற்பது தெரிந்ததால் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அப்பா பழத்தை வகுந்தார். தேன் போல வாசனை. ஒரு சுளையைக் கொட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். மென்று விழுங்கினேன். இனிப்பு உள்ளே இறங்குவதற்குள் உதடு நமநம என்றது. அடக்கிக்கொண்டு சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க உதடு பெருத்தது. முதலில் கத்தினது ஒரு கிழவி. "ஐயய்யோ, மரம் காட்டுது! மரம் காட்டுது!"

"மாமா" என்று ஆரம்பித்தேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு உதடும் சேர்ந்து பிரிய வேண்டும். சேர்ந்தது, பிரியவில்லை.

பெண்ணின் அண்ணன் துள்ளிக் குதித்தான். "இன்னாபா இது, ஒதடா, அதிரசமா? சொல்லு, எது பொய்யி? ஜீப்பா?"

"தம்பிக்கு அது பொறந்ததுலேர்ந்தே அப்டித்தாங்க" என்றாள் அக்கா.

"பொறந்ததுலேர்ந்தே பொய்யா?" என்றான் அவன். முற்றமே சிரித்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாயால் முடியாததை ஜீப் சொல்லட்டும். விடுவிடு என்று சரிவில் இறங்கினேன். ஜீப்பை ஓடைக்கு அந்தப் பக்கம், பாதை முடிகிற இடத்தில் விட்டிருந்தேன். அதுவரை அந்த ஊருக்குள் ஒரு வண்டியும் வந்ததில்லை, ஆடு மாடு ஏறுகிற தடம்தான். முதல் கியரைப் போட்டேன். கல்லில் ஏறி, புதரில் உரசி, ஒரு இடத்தில் மூன்று சக்கரத்தில் நின்று, உறுமிக்கொண்டு நேராகப் போய்ப் பலாமரத்தடியில் நிறுத்தினேன். கோழிகள் கூரைமேல் ஏறின. மரம் காட்டுது என்று கத்தின கிழவி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள், இறங்க மாட்டேன் என்றாள்.

அப்பா ஜீப்பைச் சுற்றி வந்தார். என் உதட்டைப் பார்த்தார். அது அப்படியே இருந்தது. "ஜீப்பு நெசம்" என்றார். "அப்போ பொய்யி வேற எங்கியோ கீது."

"கெணத்தப் பாக்கணும்" என்றான் மகன். கிணறு எங்கள் ஊரில் இருக்கிறது. அவ்வளவுதான், ஊரே ஜீப்பில் ஏறியது. மட்கார்டில் உட்கார்ந்தார்கள், பின்னால் தொங்கினார்கள். சாட்சிக்கு என்று மிச்சப் பழத்தைப் பெண்ணின் அண்ணன் மடியில் வைத்துக்கொண்டான். பெண்ணும் ஏறினாள். "கெணறு பாக்கத்தான்" என்றாள், யாரும் கேட்காமலே. பின்னால் மூட்டை போடுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் கண்ணாடியில் பாதையைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு வளைவிலும் ஜனம் ஓ என்று கத்தியது. திருவிழாத் தேர் மாதிரி போனோம். நானே தேர், நானே சாமி, சாமிக்கு மட்டும் வாய் வீக்கம்.

கிணற்றில் மகன் குடத்தை இறக்கினான். தண்ணீர் வந்தது. தெளிந்த தண்ணீர். கிழவி குடித்துவிட்டு, "கல்கண்டு" என்றாள். அப்பா தலையாட்டினார். பிறகு நிமிர்ந்து என் வீட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

முன் பக்கம் ஓடு, பின் பக்கம் புல். மிச்ச ஓடு அடிவாரத்தில் கிடந்தது. கழுதை வைத்து ஏற்ற வேண்டும், கழுதைக்காரன் வரவில்லை. இது பொய்யா? பாதி போட்டாலும் ஓட்டு வீடு ஓட்டு வீடுதான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"பாதி ஓடு, பாதி புல்லு" என்றான் மகன். அதற்குள் என் கீழ் உதடு வடிந்திருந்தது. மேல் உதடு மட்டும் மிச்சம். அவன் அதைக் கண்டுபிடித்துக் கைதட்டினான். "பாத்தியா நைனா! வூடு பாதி பொய்யி, ஒதடும் பாதி வீக்கம்! இன்னா கணக்கா சொல்லுது மரம்!"

ஜனத்துக்கு இது ரொம்பப் பொருத்தமாகப் பட்டது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பப் போகிறார் என்று அர்த்தம். கிணறு, ஜீப், எல்லாம் இருந்தும் அவள் நெல்லிவாசல்நாட்டுக்குப் போய்விடுவாள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது ஜீப்பின் பின்னாலிருந்து அவள் கேட்டாள்: "ஏன் நைனா, நம்ம வூட்டுக் கருணைக்கெழங்கு காறுதே, அது யாரு பொய் சொன்னான்னு காறுது?"

"கெழங்கு வேற, மரம் வேற" என்றார் அப்பா.

"வாய்க்கு இன்னா தெரியும், கெழங்கா மரமான்னு? கெழங்க வேக வெச்சா காறல் பூடுது இல்ல? இதயும் வேக வெச்சிக் குடுப்போம். பொய்யின்னா வெந்தாலும் பொய்யிதான, அப்பவும் வீங்கட்டும்."

அப்பா மீசையைத் தடவினார். கிழவிதான், "பொண்ணு சொல்றது ஞாயம். எனக்கும் பசிக்குது" என்றாள்.

அக்காவின் அடுப்பில் சட்டி ஏறியது. வெல்லத்தைக் கரைத்து, சுளைகளைப் போட்டு, குழைகிற வரை வேகவிட்டாள் அந்தப் பெண். வேகும்வரை ஜனம் என் வீட்டுப் புல் கூரைப் பக்கத்து நிழலில் உட்கார்ந்து, என் வாயைத் திருவிழாக் கூத்துக்குக் காத்திருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் மேல் உதடும் வடிந்துவிட்டது. மகன் மட்டும் கிட்டே வந்து, "இந்த வாட்டி மூக்கும் சேந்து வீங்கும் பாரு" என்றான்.

வழக்கம் தப்பக் கூடாது என்று அப்பாவே கிண்ணத்தை வாங்கி எனக்குக் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள். காலையில்தான் வீங்கின வாய். மறுபடி அதே மரத்துச் சுளை. திரும்பவும் வீங்கினால் பெண் இல்லை, ஊரில் தலைகாட்டவும் முடியாது. யாராயிருந்தாலும் கை நடுங்கும். எனக்கு நடுங்கவில்லை. நடுங்கியது கிண்ணம்தான்.

தின்றேன். ஒரு சுளை. இன்னொன்று. பாகோடு வழித்துத் தின்றேன். எல்லாரும் குனிந்து என் உதட்டையே பார்த்தார்கள். கிழவி கிட்டே வந்து விரலால் அழுத்திப் பார்த்தாள். நமநம இல்லை, கம்பளிப்பூச்சி இல்லை, ஒன்றுமே இல்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பலாப்பழம் எப்படி இருக்கும் என்று நிம்மதியாகத் தெரிந்துகொண்டேன். அட, இவ்வளவு ருசியா! "இன்னும் கீதா?" என்று கேட்டுவிட்டேன்.

அப்பா மீசைக்குள் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "மரம் ஒத்துக்கிச்சு" என்றார்.

"அப்போ அந்தப் பாதி ஓடு?" என்றான் மகன்.

"கழுதக்காரன் வந்தா சரியாப் பூடும். நீ போயி இட்டுகினு வா" என்றார். அதுதான் என் மச்சான் என் கூரைக்கு ஓடு ஏற்றின கதை. கல்யாணத்துக்குள் பின் பக்கமும் ஓடு போட்டுவிட்டேன்.

இனிமேல்தான் விஷயம். எங்கள் கல்யாணத்திலேயே முற்றத்து மரத்துச் சுளையை வெல்லத்தில் வேக வைத்துத்தான் எனக்குக் கொடுத்தார்கள். அடுத்து வந்த மாப்பிள்ளைகள் அந்தச் சட்டியைப் பார்த்து, எங்களுக்கும் அப்படியே வேண்டும் என்றார்கள். இன்று அந்த ஊரில் பெண் பேசினாலே அடுப்பில் சட்டி ஏறுகிறது. பக்கத்து ஊர்களுக்கும் போய்விட்டது. யாருக்கும் வாய் அரிப்பதில்லை, யார் பொய்யும் தெரிவதில்லை, எல்லாருக்கும் சவுகரியம். ஆனால் யாராவது கேட்டால் என் மச்சான் நெஞ்சை நிமிர்த்தி, "எங்க நைனா கொண்டாந்த வழக்கம்" என்கிறான். மாமனார் என்ன கொண்டுவந்தார்? துண்டை உதறித் தோளில் போட்டார், அவ்வளவுதான்.

என் மனைவியிடம் இதைச் சொன்னால், "வேக வெச்சது நானு, வீங்கினதுக்கெல்லாமா பேரு கேப்பாங்க?" என்கிறாள். அவளுக்குரியதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. கருணைக்கிழங்கு யோசனை அவளுடையது, சட்டிப் பதம் அவளுடையது. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் உதடு யாருடையது? அது வீங்காமல் இருந்திருந்தால் யார் சட்டி வைத்திருப்பார்கள்? ஒரு தடவை வீங்கின பிறகும் அதே பழத்தை வாயில் போட்டது யார்?

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். இனி அந்த ஊரில் எந்தக் கல்யாணத்தில் சுளைச் சட்டியை இறக்கினாலும், பந்தி பரிமாறும் முன் மைக்கில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: இது எங்கள் வீட்டு மருமகனின் உதட்டால் வந்தது என்று. மச்சானே சொல்ல வேண்டும். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.