சானமாவில் வழி கேட்கும் வேலை

யானைக் காவல் வேலையில் யானைப் பயம் சீக்கிரமே தெளிந்துவிடும். மனிதர்களிடம் யானைக்காக வழி கேட்கும் பயம்தான் கடைசிவரை போகாது. சானமாவு காட்டோர ஊர்களில் வனத்துறைக்குக் கைகொடுக்கும் உள்ளூர் ஆட்களில் நானும் ஒருவன். கூட்டத்தைக் கட்டி மேய்க்கும் கண்டக்டர்களுக்கும் வாத்தியார்களுக்கும் என் பாடு புரியும்.

ஷிஃப்ட் நேரம்

அன்று சாயங்காலம் ஒரு யானைக்கூட்டம், குட்டியோடு, ராயக்கோட்டை சாலையைத் தாண்ட ஓரத்தில் வந்து நின்றது. இரு பக்கமும் வண்டிகளை நிறுத்தினோம். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, மூக்கண்டப்பள்ளிக்குப் போகும் கம்பெனி பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. முன்னால் நின்ற பெரிய பெண்யானை காதை விரித்தது. பாயும் என்று நினைத்தேன், பாயவில்லை. குட்டியைத் தள்ளிக்கொண்டு வயல்பக்கம் திரும்பியது. அது அதைவிட மோசம். ஓடிப்போய்க் கேட்டால் டிரைவர் என்னைத்தான் முறைத்தார்: "ஷிஃப்டுக்கு லேட்டாவுதுப்பா, சீக்கிரம் தாண்டச் சொல்லு!"

யார் முறை?

வயலுக்கு இந்தப்பக்கம் எங்கள் ஊர், அந்தப்பக்கம் பக்கத்து ஊர், நடுவே தைலமரத்தோப்பு. யானை வந்தால் அடுத்த ஊர் எல்லைவரை துரத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் பட்டாசு கொளுத்தின.

தோப்புக்குள் மாட்டிக்கொண்ட கூட்டம் சுற்றிச் சுற்றி ஓடியது. குட்டி விழுந்து எழுந்தது. இன்னும் மிரண்டால் ஏதாவது ஒரு ஊருக்குள் புகுந்துவிடும், ஆள் உயிர் போகும். பக்கத்து ஊர்ப் பெரியவர் முனியப்பாவுக்குப் போன் போட்டுப் பட்டாசை நிறுத்தச் சொல்லித் தமிழில் கெஞ்சினேன், தெலுங்கிலும் கெஞ்சினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "போன வருசம் யானைங்கள நாங்க வெச்சிருந்தோம், இந்த வருசம் நீங்க வெச்சுக்குங்க."

திறந்த பக்கம்

காட்டுக்குத் திரும்ப மிச்சமிருந்தது ஒரே பக்கம். அங்கே எங்கள் தக்காளித் தோட்டம், சுற்றிலும் சோலார் வேலி. மறுநாள் காலை பறித்து ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு ஏற்றவேண்டிய காய். தொட்டால் சுள்ளென்று அடிக்கும் அந்த வேலி இருக்கும்வரை யானைகள் அந்தப் பக்கம் போகாது. எனக்கு அது தெரியும். வேலியைத் திறக்கச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நான் போனில் கெஞ்சியதைப் பக்கத்தில் நின்று கேட்ட என் மனைவி மங்கம்மா, போய் வேலிக் கரண்டை அணைத்துக் கம்பிகளை அவிழ்த்துவிட்டாள். நாங்கள் விலகி நின்றோம். பெரிய யானை தரையைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்து நடந்தது. மற்றவை குட்டியை நடுவில் விட்டுத் தொடர்ந்தன. செடிகள் நொறுங்கும் சத்தம் நன்றாகவே கேட்டது.

எல்லாம் காட்டுக்குள் மறைந்ததும் எனக்கு நிம்மதியும் வந்தது, அழுகையும் வந்தது. மங்கம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இத்தன வருசமா அடுத்தவங்க தோட்டத்துல வழி விடச் சொல்லி நின்னீங்களே, அவங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு இப்பத் தெரியுதுங்களா?"

இப்போதும் ஊர் ஊராகப் போய் "யானைக்கு வழி விடுங்கள்" என்றுதான் சொல்கிறேன். சொல்வதற்கு முன் ஒருமுறை எச்சில் விழுங்கிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.